வேலுத்தாயின் இடது கை

எங்கள் ஊரில் வெடிப்பதும் மருந்துதான், ஆற்றுவதும் மருந்துதான் இன்ஸ்பெக்டர் சார். வெடிமருந்தை எங்கள் ஆட்கள் தாளில் சுற்றுகிறார்கள். நான் தீக்காய மருந்தைக் கொழுப்பில் சுற்றினேன். லிப்போசோம் என்பார்கள், கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டை. தோலுக்குள் போய்ப் பையப் பைய மருந்தை இறக்கும். அதற்குக் காப்புரிமை கேட்டேன்.

ஒரு சென்னைக் கம்பெனி எதிர்த்தது. தொழில் தெரிந்த எவனுக்கும் தோன்றக்கூடியதுதான் இது என்றார்கள். "மருந்தைச் சுத்துறது சிவகாசிக்காரருக்கு ஒரு கண்டுபிடிப்பா?" என்று அவர்கள் வக்கீல் கேட்டபோது நானே சிரித்துவிட்டேன்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. சுற்றாத மருந்தைவிட என்னுடையது எவரும் எதிர்பாராத அளவுக்கு மேலானது என்று காட்ட வேண்டும். ஆனால் சுற்றாததும் நன்றாகவே ஆற்றித் தொலைத்தது.

அப்போதுதான் நாரணாபுரத்தில் பட்டாசு ஆலையின் கலவை அறை தீப்பிடித்து, அங்கே வேலை பார்த்த வேலுத்தாய்க்கு இரண்டு கைகளும் வெந்தன. காசு வாங்காமல் கட்டுப் போடுவேன் என்பதால் என்னிடம் வந்தாள். வலது கைக்கு என் மருந்து. இடது கைக்குச் சுற்றாத மருந்து என்று சொல்லிவிட்டு, மருந்தே இல்லாத வெறும் களிம்பைத் தடவினேன். அதிலும் ஓர் இரக்கம் பார்த்தேன். பீச்சாங்கைதானே, கழுவத்தானே என்று.

"ரெண்டும் ஒரே நெருப்புலதான வெந்துச்சு அண்ணாச்சி? இது மட்டும் ஏன் நாறுது?"

"பீச்சாங்கை அப்படித்தாம்மா. பொறுத்துக்க."

"நல்லாருக்கே! எனக்குச் சோத்தாங்கையே இதுதான். திரி மாட்டுறது, எம் புருசன் பாண்டி முதுகுல ரெண்டு வைக்கிறது, எல்லாம் இதாலதான்."

சிரித்தோம். களிம்பை மாற்றியிருக்கலாம். காப்புரிமைக்காக இரண்டு கைகளையும் நாள்தோறும் எடுத்துவந்த புகைப்படங்கள் பாதியில் இருந்தன; மாற்றினால் அவ்வளவும் வீண்.

பாண்டி அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது இடது கையை வெட்டி எடுத்தார்கள். விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறியிருந்தது. சுடுகாட்டில் வலது கையைப் பார்த்தேன். தழும்புகூட இல்லை. பெருமையாக இருந்தது.

காப்புரிமை விசாரணையில் இரண்டு கைகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். காப்புரிமை கிடைத்தது.

இடது கை அழுகும் என்று தெரியாதா என்கிறீர்கள். இப்படி ஒரு வித்தியாசத்தை எவராலும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று தீர்ப்பே வந்திருக்கிறது சார். நான் மட்டும் எப்படி எதிர்பார்ப்பேன்?