முள்ளம்பன்றி சொன்ன நாளில் வந்தது

முள்ளம்பன்றி எங்கள் பக்கம் வந்து இன்று பின்னேரத்தோடு பதினொரு நாளும் பத்து மணித்தியாலமும் ஆயின. நேரத்தைக் குறித்து வைப்பது என் பழக்கம். நான் விலங்கியல் படித்தவள்.

எங்கள் ஊரான சரவணையில் எங்கள் வேலிக்கு அடுத்தாற்போல் சிவக்கொழுந்து மாமியின் பனம்பாத்தி இருக்கிறது. அன்று விடிய அதில் ஆறு பனங்கிழங்குகள் கிண்டப்பட்டுக் கடிபட்டுக் கிடந்தன. பக்கத்தில் ஒரு முள். மாமி அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். பட்டம் பெற்ற இந்த இரண்டு வருடத்தில் "வேலை கிடைச்சிட்டுதோ" என்பதைத் தவிர வேறொன்றை ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ருசி கண்ட இடத்துக்கு அது மூன்று நாளுக்குள் திரும்பி வரும் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இரண்டு நாள் வரவில்லை. காட்டு விலங்குகளுக்குப் பொறுப்பில்லை. மூன்றாம் நாள் விடிய பதினான்கு கிழங்குகளைக் காணவில்லை. மாமி என்னை மரியாதையோடு பார்த்தார். எட்டாம் நாள் வரும் என்றேன், வந்தது. தெற்கு மூலையால் வரும் என்றேன், அதுவும் சரியாயிற்று. அடுத்த ஊரான சுருவிலிலிருந்துகூட ஆட்கள் விசாரித்து வந்தார்கள். ஒரு கணிப்புப் பொய்த்தால் சனத்துக்கு அறிவியலிலேயே நம்பிக்கை போய்விடும். நான் யோசித்தது அதைத்தான்.

மாமியின் பாத்தியில் பாதி முடிந்துவிட்டது. கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கி விற்றுத்தான் அவர் வருடம் முழுக்கச் சமாளிக்கிறார். எந்த ஆய்விலும் சில மாதிரிகள் அழியத்தான் செய்யும்.

இன்று பின்னேரம் அப்பா கம்பிச் சுருளோடு வந்தார். இரவுக்கு வேலியோரம் கரண்ட் விடப் போகிறாராம். மாமி இருட்டோடு எங்கள் கிணற்றுக்கு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வருவாரே என்றேன். மாமி எழும்ப முதல் கழற்றிவிடுவேன் என்றார். அப்பா வெயில் ஏறிய பிறகு எழும்புகிறவர்.

"எந்தப் பக்கத்தாலை வரும் எண்டு சொல்லு பிள்ளை. அங்கை மட்டும் போடுறன்."

"இனி வராது."

வேலிக்கு அப்பால் நின்ற மாமி சிரித்தார். "அது உம்மிட்டைச் சொல்லிப்போட்டே வாறது, பிள்ளை?"

"ஓம் மாமி. முதல் நாள் மட்டும்தான் முள்ளம்பன்றி வந்தது. மற்ற நாளெல்லாம் கிண்டினது நான்."