ஆரோக்கியசெல்வி எழுதாமல் போன மூன்றாம் பரீட்சை

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைச் செயலாளர் அவர்களே, தலைமை மருத்துவர் அவர்களே, மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் லூர்தம்மாள் அம்மா அவர்களே, டூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் என் நர்ஸ் சகோதரிகளே, கிருஷ்ணகிரி நகரப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் நாராயணம்மா. குழந்தைகள் வார்டில் ஆரோக்கியசெல்வியோடு வேலை பார்த்தவள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தியாக விளக்கு என்றார்கள், சேவைச் சுடர் என்றார்கள். மன்னிக்க வேண்டும். அவர் விளக்கும் இல்லை, சுடரும் இல்லை. முப்பது வயதைத் தொடாத ஒரு பெண். ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை எழுதித் தேறி, கப்பலேறிப் போய், குழந்தைகள் வைத்தியத்தில் மேல்பயிற்சி பெற வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண். பனி பெய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். அதில் என்ன தவறு? சாமல்பட்டிப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவருக்கு அந்த ஆசை வரக் கூடாதா?

சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம்தான் அவர் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த சில மாதத்திலேயே பெங்களூர் போய் அந்தப் பரீட்சையை எழுதினார். தோற்றார். பேச்சில் தோற்கவில்லை, கட்டுரையிலும் தோற்கவில்லை. கடினமான சொற்கள் என்று ஒரு பகுதி. ஒரு சொல்லைக் கொடுத்து, கீழே இருக்கும் நான்கில் எது அதற்கு நெருக்கம் என்று கேட்பார்கள். நான்கும் ஒன்றுபோலவே தெரியும். அங்கேதான் விழுந்தார்.

விழுந்தவர் என்ன செய்தார்? பெங்களூரிலிருந்து வரும் மருந்துப் பெட்டிக்குள் பாட்டில் உடையாமலிருக்க ஆங்கிலப் பத்திரிகைகளைக் கசக்கி வைத்திருப்பார்களே, அவற்றை நீவி எடுத்துப் படித்தார். படித்த சொல்லை வார்டுக்குள் கொண்டுவந்தார். தொரப்பள்ளியிலிருந்து வந்த கெம்பம்மாவின் குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். செல்வி அந்தத் தாயிடம் கேட்கிறார்:

"ஏம்மா, நேத்து அழுததும் இன்னிக்கு அழுவறதும் ஒண்ணாவா இருக்குது?"

"இல்லைங்க சிஸ்டர். நேத்து வீல்னு கத்துச்சு. இன்னிக்குச் சும்மா சிணுங்கிக்கினு கெடக்குது."

உடனே என் பக்கம் திரும்பினார். "பாத்தியாக்கா? கத்தறது ஸ்க்ரீம். சிணுங்கறது விம்பர். விம்மறது சாப். முனகறது மோன். இந்த நாலையும் கலந்து வெச்சுத்தான் போன தடவ என்னைக் கவுத்துட்டாங்க."

கெம்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கொழந்த அழுவறதுக்கு இங்கிலீசுல பேரு வெக்கிறீங்களா?" என்றார். வந்ததிலிருந்து அந்தத் தாய் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்படித்தான் எங்கள் வார்டே படித்தது. செல்வியோடு சேர்ந்து நானும் படித்தேன், எங்களோடு வேலை பார்க்கும் முனிலட்சுமியும் படித்தாள். அதை இந்த மேடை எப்படிப் பார்த்தது? செயலாளர் அவர்கள் ஒருநாள் வார்டுக்குள் வந்து, எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "ஏம்மா, பெட்பேன் எடுக்கறதுக்கு டிக்ஷனரி எதுக்கு?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். செல்வியின் கையில் ஒரு குழந்தையின் மலம் அள்ளிய பெட்பேன் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் முறை தேறினார். சொற்பகுதியிலும் நல்ல மதிப்பெண். லண்டன் மருத்துவமனை ஒன்று சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. இங்கிருந்து ஓர் அனுமதி மட்டும் வேண்டியிருந்தது. நிர்வாகம் மறுத்தது. ஆங்கிலத்தில் பதில் கொடுத்தார்கள்: உங்கள் சேவை எங்களுக்கு இன்டிஸ்பென்சபிள், நீங்கள் இல்லாமல் முடியாது என்று.

அன்று அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "இந்த வார்த்தைய நான் புகழ்ச்சின்னு படிச்சு வெச்சிருந்தன்க்கா. இப்பத்தான் அர்த்தம் தெரியுது."

அனுமதி கேட்டுக் கேட்டுக் காத்திருந்ததில் பரீட்சை முடிவு செல்லுபடியாகும் காலம் கடந்துபோனது. மறுபடியும் எழுத வேண்டும் என்றார்கள். மறுபடியும் எழுதத் தயாரானார். முதல் நாளே போய் பெங்களூரில் தங்க விடுப்புக் கேட்டார். கிடைக்கவில்லை. அந்த ராத்திரி டூட்டியையாவது மாற்றிக் கொடுங்கள் என்றார். அதுவும் இல்லை. விடிந்து டூட்டி முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினால், முதல் பஸ் போய்விட்டிருந்தது. பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப் போன லாரியில் ஏறினார். சூளகிரி தாண்டி லாரி கவிழ்ந்தது.

டிரைவர் திம்மராயன் கால் முறிந்து நம்முடைய ஆண்கள் வார்டில்தான் படுத்திருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்தேன். "அந்தம்மா வழியெல்லாம் இங்கிலீசுல என்னமோ முணுமுணுத்துக்கினே வந்துச்சுங்க. செபம் பண்ணுதுன்னு நெனச்சன்," என்றார்.

பத்திரிகையில் விபத்து என்று போட்டிருக்கிறார்கள். பஸ் போய்விட்டது விபத்தா? அந்த ஓர் இரவை மாற்றிக் கொடுக்க மறுத்ததும் விபத்தா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யார் இல்லாமல் முடியாது என்றார்களோ, அவருடைய இடத்துக்கு மறுநாள் காலையிலேயே ஆள் போட்டார்கள். பெண்கள் வார்டிலிருந்து ஒருவரை மாற்றினார்கள், அவ்வளவுதான். வார்டு நடக்கிறது. அப்படியானால் அன்றைக்கு ஏன் முடியவில்லை? இதற்கு மட்டும் எனக்குத் தமிழிலும் பதில் கிடைக்கவில்லை, என் தாய்மொழியான தெலுங்கிலும் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது லூர்தம்மாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் பரிச்சைய எழுதிட்டுத்தான் போச்சா எம்பொண்ணு?" இல்லையம்மா என்றேன்.

சகோதரிகளே, இப்படிப்பட்ட கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். அவர் பாதையில் நடப்போம் என்று சொல்லிக் கலைந்துபோவதும் வழக்கம். இனி நடக்கப்போவதை மட்டும் நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நர்ஸ் விடுதியில் சொற்பாடம் நடக்கும். வர விரும்புகிறவர்கள் வரலாம். அடுத்த பரீட்சை தை மாதத்தில் வருகிறது. நான் எழுதப்போகிறேன். முனிலட்சுமி எழுதப்போகிறாள். பிரசவ வார்டு மாரம்மாவும் எழுதப்போகிறாள்.

செயலாளர் அவர்களே, சபை முன்னால் தங்களுக்கு ஒரு தகவல். முதல் நாள் பகல் பஸ்ஸிலேயே நாங்கள் மூன்று பேரும் கிளம்பிவிடுவோம். விடுப்புக் கொடுத்தாலும் போவோம், கொடுக்காவிட்டாலும் போவோம். அன்றைக்கு வார்டுகளுக்கு ஆள் தேடிக்கொள்ளுங்கள்.