பூங்காவனத்துக்குத் தொண்டை வலி

சரி... ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு உக்காந்துடறேன். செயலாளர் சார், கடிகாரத்தைப் பாக்காதீங்க. சாப்பாடு இன்னும் வந்து சேரலைன்னு எனக்கும் தெரியும்!

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ரேடியோ நிலையம். அதுல கோமதிநாயகம்னு ஒருத்தர். முப்பது வருஷ சர்வீஸ். நிகழ்ச்சி தயாரிக்கிறதும் அவர்தான், மைக் முன்னாடி பேசறதும் அவர்தான். ஸ்டூடியோ கதவு கிறீச்சிட்டா எண்ணெய் விடறதும் அவர்தான்!

அவர் சேர்ந்த புதுசுல, ஞாயித்துக்கிழமை காலையில நேயர் கடிதம் வாசிக்கிற நிகழ்ச்சியைக் கொடுத்தாங்க. முதல் வாரம் எத்தனை கடிதம் வந்திருக்கும்? சொல்லுங்க... ஒண்ணு! அதுவும், 'உங்க ரேடியோ எங்க ஊர்ல கொரகொரங்குது'ன்னு திட்டி!

நிலைய அதிகாரி கூப்பிட்டார். "யோவ் கோமதிநாயகம், அடுத்த வாரமும் இப்படின்னா, அந்த அரைமணி நேரத்துல பூச்சி மருந்து பத்திப் பேச ஆள் போட்டுருவேன்!"

மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா? தானே உக்காந்து ஒரு கடிதம் எழுதிட்டார். 'அண்ணாச்சி, போன வாரம் நிகழ்ச்சியில ரெண்டு தடவை தும்மினீங்க. தலையை நல்லாத் துவட்டிட்டு ஆபீசுக்குப் போங்க. இப்படிக்கு, பூங்காவனம், கீழத்தெரு, மேலப்பூவாணி.' அதைத் தானே உருக்கமா வாசிச்சும் முடிச்சார். அப்படி ஒரு பொம்பளையே கிடையாது! ஆனா ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. அடுத்த வாரம் பத்து கடிதம். ஆறு மாசத்துல சாக்கு மூட்டை! எல்லாத்துலயும் ஒரே கேள்விதான். 'பூங்காவனம் அக்கா நல்லா இருக்காங்களா?'

இப்படியே பதினோரு வருஷம் ஓடிச்சு. பதினோரு வருஷம்! வாராவாரம் பூங்காவனம் எழுதுவா. மாமியாரோட சண்டை போடுவா, சமாதானமாவா... எல்லாம் அவர் கைவரிசைதான்.

அப்போ ஒருநாள்... டாக்டர் அவர் தொண்டையைப் பாத்துட்டு, "கட்டி இருக்கு. ஆபரேஷன் பண்ணணும். அப்புறம் குரல் எப்படி இருக்கும்னு இப்போ சொல்ல முடியாது"ன்னுட்டார். ரேடியோக்காரனுக்குக் குரல் போனா என்னங்க மிச்சம்? அவர் யார்கிட்டயும் சொல்லலை. வீட்டுல பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடலை. ஆனா அந்த வாரம் பூங்காவனம் எழுதினா... 'அண்ணாச்சி, எனக்குத் தொண்டையில ஆபரேஷன். ரொம்பப் பயமா இருக்கு.'

அவ்வளவுதான்! பார்சல் குவிஞ்சுது. விபூதிப் பொட்டலம், தர்கா கயிறு, மாதா கோயில் எண்ணெய்... கூடவே பீடி சுத்துற பொம்பளைங்களோட நேயர் மன்றத்துல இருந்து ஒரு கார்டு. 'வர்ற ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சி முடிஞ்சதும், முப்பது பேர் வேன் பிடிச்சு நேர்ல பாக்க வாறோம்.'

மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. இல்லாத ஆளை எங்கே போய்க் காட்டறது? அதிகாரிகிட்ட ஓடி, பூங்காவனம் தன்னோட கற்பனைதான்னு ஒத்துக்கிட்டார். அதிகாரி ரொம்ப சாதாரணமாச் சொன்னார். "அந்தம்மா செத்துட்டான்னு வாசிச்சிரு. ஒரு சோகப் பாட்டைப் போடு. முடிஞ்சு போச்சு!"

ஞாயித்துக்கிழமை. சாவுச் செய்தி கையில. எதுத்தாப்புல மேஜை நிறைய விபூதிப் பொட்டலம். பேப்பரைக் கீழே வெச்சார். "நேயர்களே... பூங்காவனம்னு யாரும் கிடையாது. பதினோரு வருஷமா நான்தான் எழுதினேன். என்னை மன்னிச்சிருங்க."

போன் அடிச்சுது. மன்றத் தலைவி செய்யதம்மா. மைக் இன்னும் ஓடுது, போன் ஸ்பீக்கர்ல வர்ற பேச்சை ஊரே கேக்குது!

"அண்ணாச்சி, அது எங்களுக்கு ஒம்பது வருசமாத் தெரியும்லா! மேலப்பூவாணியில கீழத்தெருவே கிடையாது. என் தங்கச்சியை அங்கதான கட்டிக் குடுத்திருக்கு!"

"தெரிஞ்சுமா பார்சல் அனுப்பினீங்க?"

"பூங்காவனத்துக்கு யாரு அனுப்புனா? உங்களுக்குல்லா அனுப்புனோம்! நாள் பூரா பீடி சுத்திக்கிட்டு உங்க குரலைத்தான கேக்கோம்? ஒரு மாசமாக் குரல் சரியில்லை. பாட்டுக்குப் பாட்டு தண்ணி குடிக்கிய. தொண்டையில ஆபரேஷன்னு வாசிச்சிய பாருங்க, அன்னிக்கே புரிஞ்சு போச்சு. வேன் உங்க வீட்டுக்குத்தான் வருது அண்ணாச்சி."

கோமதிநாயகம் அழுதுட்டார். மைக்லயே அழுதுட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சாகடிக்கச் சொன்ன அதிகாரியும் கர்ச்சீப்பைத் தேடறார்!

உடனே அடுத்த போன். யாரு? வீட்டுக்காரம்மா! "ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, கட்டின பொண்டாட்டிக்குத் தெரியலை, என்ன? முப்பது பேருக்கு ஆக்கிப் போடணும். வரும்போது அஞ்சு கிலோ கத்தரிக்காய் வாங்கிட்டு வாங்க. மிச்சத்தை நேர்ல பேசிக்கிடுதேன்!"

ஆபரேஷன் நடந்துது. குரல் கொஞ்சம் கரகரன்னு ஆயிடுச்சு. அந்தக் கரகரக் குரல்லயே இன்னும் பத்தொம்பது வருஷம் பேசிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

இதை எதுக்கு இங்க சொல்றேன்? சிரிக்கிறீங்களே... நம்மகிட்ட ஆளுக்கு ஒரு பூங்காவனம் இல்லையா? "என் ஃபிரண்டு ஒருத்தனுக்கு வேலை போயிடுச்சு டாக்டர், தூக்கமே வரலையாம்." எந்த ஃபிரண்டு? "ஒண்ணுமில்லைம்மா, சும்மா தலைவலி." எது சும்மா? பொய் சொல்லக்கூடாதுன்னு உபதேசம் பண்ண நான் வரலைங்க. நமக்கு வேண்டியவங்க நம்மோட பொய்யைக் கேக்கறதில்லை, நம்ம குரலைத்தான் கேக்கறாங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். நாம மறைச்சுட்டோம்னு நினைச்சுக்கிட்டு இருப்போம். அவங்க தெரிஞ்சும் சும்மா இருப்பாங்க, நாமளே சொல்லட்டும்னு.

அதனால... உள்ளுக்குள்ள ஏதாவது பயம் இருந்தா, இன்னைக்கு வீட்டுக்குப் போய் உங்க வாயாலயே சொல்லிருங்க. அவங்க ஆச்சரியப்படவே மாட்டாங்க பாருங்க. "இப்பவாவது சொன்னியே"ம்பாங்க.