ஒத்துக்கொள்ளாத அந்த ஒருவர்

ஸ்ரீரங்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் மாடியறையில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் செல்போனை அங்கே வைத்துவிடுவேன். யாரும் கூப்பிடுவதில்லை. இருந்தாலும் வைத்துப் பழகிவிட்டது.

முறையைப் பற்றிக் கேட்டீர்கள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாலை வகுப்பில் பேரிடர் மேலாண்மை படிக்கிறேன். அங்கே கற்றதுதான். எண்ணெய் சிந்தினால் ஒரு குழு கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும். ஆனால் எங்கள் பெட்ரோல் கிடங்கில் மேலாளர் அழகிரி சார் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். இந்த முறையில் ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பார். பெயர் சொல்லாமல் தொகுத்து எல்லோருக்கும் தெரிவித்துவிட்டு மறுபடி கேட்பார். கருத்து ஒன்றாகும்வரை சுற்றுகள் தொடரும். இதைக் கிடங்கில் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். என்னையே ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முசிறி சாலையில் எங்கள் டேங்கர் லாரி வாய்க்காலில் சாய்ந்தது. கிடங்கில் நான் மட்டும் இருந்தேன். ஞாயிறு வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன். எங்கள் கிடங்கு ஊழியர் நஸ்ருல்லா அண்ணன் வாய்க்காலில் இறங்கி, மிதவைத் தடுப்பின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். கயிற்றை விட்டால் பெட்ரோல் வாழைத் தோப்புகளுக்குப் போகும். பிடித்திருந்தால் அதன் ஆவி அவர் மூச்சுக்குள் போகும். அவரை ஏறச் சொல்வதா, இருக்கச் சொல்வதா என்பதுதான் கேள்வி. குழு சொல்லாமல் யாரும் நகரக் கூடாது என்பது விதி.

குழுவில் நால்வர், நான்கு இடங்களில் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிவித்துவிட்டு, இரண்டாம் சுற்றுக்குப் போனேன்.

“யாரும்மா அந்த ஒத்த ஆளு? ஜெஸ்லினா?” என்றார் அழகிரி சார். “அது கேன்டீன்ல இட்லியா தோசையான்னுகூட முடிவு பண்ணாது.”

“பேர் சொல்லக் கூடாதுங்க சார்.”

“சரி, நாம வச்ச முறைதானே. இன்னொரு தடவ கேளு.”

பாதுகாப்பு அதிகாரி ஜெஸ்லின் அவரைச் சந்தேகப்பட்டார். “சாராத்தான் இருக்கும். தோப்புக்காரங்க சண்டைக்கு வருவாங்கன்னு பயம். நீ என்ன நினைக்கிற, பவித்ரா?”

அந்த அலுவலகத்தில் ஒருவர் என் பெயரைச் சொல்லி என் கருத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இதைச் சரியாக விளக்குகிறேனா என்று தெரியவில்லை.

நடுவில் நஸ்ருல்லா அண்ணன் வாக்கி-டாக்கியில் வந்தார். “தல சுத்துதும்மா. ஏறிடவா?”

“கொஞ்சம் இருங்கண்ணே. பேசிக்கிட்டிருக்காங்க.”

“சரிம்மா. நீ சொன்னதும் ஏறிடறேன்.”

மூன்றாம் சுற்றில் எல்லோரும் முதல் மணியிலேயே போனை எடுத்தார்கள். என் அழைப்புக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அதற்கடுத்த சுற்றின்போது அண்ணனைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தண்ணீர் இடுப்பளவுதானாம். மயங்கி விழுந்தவருக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

மறுத்தவர் யார் என்று நால்வரையும் விசாரிக்கிறீர்களாம். அவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லையாம். அவர்களை விட்டுவிடுங்கள். முதல் சுற்றிலேயே நால்வரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: ஆளை உடனே ஏறச் சொல். மறுத்தவர் என்று யாருமே இல்லை. அவரை நான்தான் உண்டாக்கினேன். முடிவு வந்துவிட்டால் அப்புறம் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். இன்னும் ஒரு சுற்று என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். முறையில் குறை இல்லை.

நேற்றிலிருந்து நீங்கள் மூவரும் மாறி மாறி வந்து இதையேதான் கேட்கிறீர்கள். பெயர் சொல்லிக் கேட்கிறீர்கள். தேநீரும் தருகிறீர்கள். ஏதாவது தெளிவாகவில்லை என்றால் இன்னொரு சுற்று கேளுங்கள். எனக்கு அவசரமில்லை.