கை தூக்கறதுக்கு ஒரு வருஷச் சம்பளம்

...அதுக்கில்ல மேடம், நான் சண்டை போட வரல. மன்னிப்பு கேக்கத்தான் வந்திருக்கேன். கேக்கறேன், கேக்கறேன். உங்க டிஜேவோட தேதியெல்லாம் பாத்துக்கறது நீங்கதானாமே, அதனால நீங்களே சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு என்னோட ஒரு வருஷச் சம்பளமா? நான் கிளப் மேனேஜர். நான் வந்து கதவத் தெறந்தாத்தான் அவரு உள்ளயே வர முடியும்.

இல்ல மேடம், தண்ணி வேணாம். சரி, குடுங்க.

அவரு என்னதான் பண்றாரு? பாட்டு எழுதறாரா? இல்ல. பாடறாரா? அதுவும் இல்ல. யாரோ பாடின பாட்ட யாரோ செஞ்ச மெஷின்ல போட்டு ஒரு பட்டன அமுக்கறாரு. அப்புறம் கைய மேல தூக்கிடறாரு. சும்மா சொல்லல, மொத தடவ வந்தப்ப பார் பக்கத்துல நின்னு, வாட்ச பாத்து நோட்டுல குறிச்சேன். ரெண்டு மணி நேரத்துல எழுபத்தோரு நிமிஷம் கை மெஷின்லயே இல்ல. எழுபத்தொண்ணு! நடுவுல துண்டால மொகத்த தொடைக்கறது வேற. அத நான் கணக்குல சேக்கல, மனுஷன்தானே, வேர்க்கும்.

நான் இருபத்திரண்டு வருஷம் சட்டை கம்பெனில சூப்பர்வைசர் மேடம். எண்பது தையல் மெஷின் என் பொறுப்பு. அங்க ஒருத்தர் கைய எடுத்தா லைனே நின்னுடும். காலர் தைக்கறவங்க கை எடுத்தா, பட்டன் வெக்கறவங்க சும்மா உக்காந்திருப்பாங்க. தும்மல் வந்தாக்கூட ஒரு கையாலதான் மூக்க மூடணும். அதே பழக்கமாப் போச்சு. எங்க வீட்டம்மா தூங்கறப்ப கை சும்மா கெடந்தாக்கூட எனக்கு ஒரு மாதிரி இருக்கும்னா பாத்துக்கோங்க.

எங்க விட்டேன்... ஆங். கம்பெனிய மூடினதும் தங்கச்சி வீட்டுக்காரர்தான் கூப்ட்டாரு. அவரோட கிளப். "எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கோங்க மச்சான்"னு சாவியக் கையில குடுத்தாரு. எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தானே? அதனாலதான் ரெண்டாந்தடவ உங்க ஆளக் கூப்டறப்ப அக்ரிமெண்ட்ல ஒரு வரி சேத்தேன்.

ஆமா, அந்த வரிதான். 'நிகழ்ச்சி முடியும்வரை இரு கைகளும் இயந்திரத்தின் மீதே இருக்க வேண்டும்.' நானே டைப் அடிச்சது. நீங்களும் படிக்காம சீல் குத்தி அனுப்பிட்டீங்க, அதையும் சொல்லணும்ல. சரி சரி, உங்க மேல தப்பில்ல.

உங்க ஆளு லேசுப்பட்டவர் இல்ல மேடம். வந்தாரு, அந்த வரியப் படிச்சாரு, என்னை ஒரு பார்வ பாத்தாரு. அப்புறம் குனிஞ்ச தல நிமிரல. ரெண்டு கையும் மெஷின் மேல. துண்டத் தொடல, வேர்வ மூக்கு நுனில சொட்டுது. போன தடவ கூரையே பிச்சுக்கிட்டுப் போச்சே, அதே பாட்டு, அதே வரிச. எனக்கா, மனசு குளுந்துபோச்சு. இப்பத்தான்யா குடுத்த காசுக்கு வேல நடக்குதுன்னு.

அப்புறம்தான் கூட்டத்தப் பாத்தேன். முன்னூறு பேரு. ஒருத்தரும் ஆடல. பரீட்ச ஹால்ல கேள்வித்தாளுக்கு காத்திருக்கற மாதிரி அவரையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. எப்ப குதிக்கணும்னே தெரியல. அவரு கை மேல போனாத்தான் இவங்க கால் மேல போகும்போல... எனக்கு எப்படி மேடம் தெரியும்? ஆடினாத்தான் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தாத்தான் பார் ஓடும். பார்க்காரரு தொடச்ச கிளாசையே தொடச்சுக்கிட்டிருக்காரு. மெஷின் ஓடுது, லைன் நின்னுபோச்சு.

ஓடிப்போய், "கைய எடுங்க சார்"னு கெஞ்சினேன். பக்கத்துல ஒட்டி வெச்சிருந்த அக்ரிமெண்ட கண்ணாலயே காட்டினாரு.

வேற வழி? நானே மேடைல ஏறி கையத் தூக்கினேன். சிரிக்காதீங்க மேடம். நல்லாத்தான் தூக்கினேன், ரெண்டு கையும், அவர மாதிரியே. ஏதோ கிளப்ப மூடப்போறோம்னு நெனச்சு எல்லாரும் பைய எடுத்துக்கிட்டு வரிசையா வெளிய போய்ட்டாங்க. ஒருத்தர் நன்றி வேற சொல்லிட்டுப் போனாரு.

அன்னையிலேருந்து தங்கச்சி என் ஃபோன எடுக்கல. மாப்ள திட்டக்கூட இல்ல, அதுதான் தாங்க முடியல. "சனிக்கிழமைக்கு அவரக் கூட்டிட்டு வாங்க மச்சான். முடியலன்னா சாவிய மேச மேல வெச்சுடுங்க"ன்னாரு. அவ்ளோதான். அம்பத்தாறு வயசுல எனக்கு வேற யாரு மேடம் வேல குடுப்பாங்க? பயமா இருக்கு. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்கோங்க. போதுமா?

டைரிய எடுக்கறீங்களா... சனிக்கிழமை காலியா இருக்கா? அப்பாடா. எவ்ளோன்னு எழுதுங்க... இது போன தடவயோட ரெண்டு மடங்கில்ல? சரி. பேசல. பேனா குடுங்க, கையெழுத்து போட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு மேடம். இதுல பட்டன் அமுக்கறதுக்கு எவ்ளோ, கை தூக்கறதுக்கு எவ்ளோன்னு தனித்தனியா பிரிச்சு... ஏன் எந்திரிச்சுட்டீங்க? கதவ எதுக்குத் தெறக்கறீங்க? இருங்க, இருங்க. பிரிக்க வேணாம். கை தூக்கறதுக்குத்தான் காசு, ஒத்துக்கறேன். அந்தப் பட்டன வேணும்னா நானே வந்து அமுக்கறேன், அதுக்குண்டானத மட்டும் கழிச்சுக்கோங்க.