மாடிப் பெண்களின் மருதாணி

பகல் இரண்டு மணி. ஆமாம், பகல்தான். ராத்திரிப் பேய்க்குப் பயப்படாதவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பாலைவனத்து நடுவே நம் கதாமிஸ் பழைய ஊரின் சந்துகளுக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். தலைக்கு மேலே பேரீச்ச மரமும் மண்ணும் போட்டு மூடியிருக்கும். எங்கோ ஓரிடத்தில் ஒரு துளை... அதன் வழியாக ஒரு பாய் அகலத்துக்கு வெளிச்சம். அப்புறம் மறுபடி இருட்டு.

நம் யூஷாவின் தங்கை புருஷன் நூஹுக்கு நடந்தது இது. யூஷா இதோ உட்கார்ந்திருக்கிறான். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் அவனே என் வாயைப் பொத்தட்டும்.

நூஹுக்குச் சொத்து வாய் ஒன்றுதான். வெளிநாட்டார் வந்த காலத்தில் ஊரைச் சுற்றிக் காட்டிப் பிழைத்தவன். ரோமானியப் படை வந்தது, ஒட்டகக் கூட்டம் தந்தமும் இறகும் சுமந்து வந்தது, குதிரைக் குளம்பு பட்டு ஊற்று பீறிட்டது... மூச்சு விடாமல் ஒப்பிப்பான். கடைசியில் மேலே கை காட்டி, "கீழ ஆம்பளைங்க ஊரு, மேல பொம்பளைங்க ஊரு. அவங்க மாடிக்கு மாடி நடந்தே ஊரைச் சுத்திடுவாங்க. எங்க ஆம்பளை ஒருத்தனும் பகல்ல மேல கால் வைக்க மாட்டான்" என்பான். அதில் அவனுக்குப் பெரிய கர்வம். சண்டை வந்து வெளிநாட்டார் வரத்து நின்ற பிறகும் அந்தக் கர்வம் நிற்கவில்லை.

அந்த ஆகஸ்டில், எல்லோரும் குடிபோன புது ஊரில் மூன்று நாளாக மின்சாரம் இல்லை. ஐம்பது டிகிரி வெயில். சிமெண்டு வீட்டுச் சுவரில் கை வைக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தார் தோப்புகளுக்குப் போய்விட்டார்கள். நூஹ் தன் மனைவி மன்னூபியாவையும் ஏழு வயது மகள் ஹனியாவையும் பழைய ஊரில் பூட்டிக் கிடந்த குடும்ப வீட்டில் கொண்டுபோய் விட்டான். மண் வீடு, குளுகுளுவென்று இருக்கும். அந்தச் சந்தில் ஆள் குடியிருந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

இரண்டு மணிக்கு ரொட்டியும் தர்பூசணியும் எடுத்துக்கொண்டு போனான். இருட்டில் எதிரே வருபவர் மோதாமல் இருக்க, வழக்கப்படி இருமிக்கொண்டே நடந்தான். பதிலுக்கு யாரும் இருமவில்லை. வீட்டில் மன்னூபியா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாய் காலி.

மனைவியை எழுப்பாமல் வெளியே ஓடினான். ஹனியாவுக்கு நீச்சல் தெரியாது. முதலில் வாய்க்காலைப் பார்த்தான். தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இடிந்த வீடுகளுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

அப்போதுதான் மேலே... சத், சத், சத். வெறுங்கால் நடக்கும் சத்தம். வளையல் சத்தம். ஈர மருதாணி வாசனை துளை வழியாக இறங்கி வந்தது. கூடவே ஹனியாவின் சிரிப்பு.

நூஹுக்கு உயிர் வந்தது. வெயிலுக்கு ஒதுங்க வேறு குடும்பமும் வந்திருக்கும் என்று நினைத்தான். ஆனால் மேலே பெண்கள் இருக்கிறார்களே. துளைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் கர்வம் அப்படி.

"அக்கா, கீழ நூஹ் நிக்கிறேன். பிள்ளைய அனுப்பி விடுங்க."

"என்ன அவசரம்? வெயில்லயா நிக்கிற?" என்றது ஒரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"அவ அம்மா தேடுவா."

"தேடட்டும். நாங்க பிடிச்சா திங்கப் போறோம்?"

அவனும் சிரித்தான். மேலே பேச்சு தொடர்ந்தது. "கை ரொம்பச் சின்னதா இருக்கே." "இருக்கட்டும், அங்க போனா வளரும்." சந்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் காத்திருந்தான். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்து இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறான்.

மன்னூபியா கைவிளக்கோடு தேடி வந்தாள். "யாரு கூடங்க பேசிட்டு இருக்கீங்க?"

"ஹனியா மேல இருக்கா. பொம்பளைங்க கூட."

"எந்தப் பொம்பளைங்க? இந்தச் சந்துல என்னை விட்டா யாரு இருக்கா? இந்த நேரத்துல மாடில கால் வச்சா தோல் உரிஞ்சிடும்."

நூஹ் முதல்முறையாகப் பகலில் மாடி ஏறினான். சுண்ணாம்புத் தரையில் கண் கூசியது. செருப்பின் ரப்பர் இளகி ஒட்டியது. இரண்டு பக்கத்து மாடிகளும் இடிந்து கிடந்தன. அங்கிருந்து யாரும் நடந்து வந்திருக்க முடியாது. நட்ட நடுவில், கொளுத்தும் வெயிலில் ஹனியா உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு வியர்வை இல்லை. பாதத்தைத் தொட்டான்... ஊற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

வலது உள்ளங்கை நிறைய மருதாணி. கல்யாணப் பெண்ணுக்கு வைக்கும் கோலம்.

"இடது கைக்கு அஸர் பாங்கு சொன்னதும் வைக்கிறாங்களாம்" என்றாள் பிள்ளை. "ரெண்டு கையும் சிவந்தா கூட்டிட்டுப் போவாங்களாம்."

அஸர் தொழுகைக்கு அழைக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வீட்டைக்கூடப் பூட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக் காரில் போட்டு, திரிப்போலி சாலையில் விரட்டினான் நூஹ். பின் சீட்டில் மன்னூபியா மகளின் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். விரல் நுழைய இடமில்லை. வாய் ஓதிக்கொண்டே இருந்தது. நூறு கிலோமீட்டர்... ஒரு தடவைகூடப் பிடியைத் தளர்த்தவில்லை.

தர்ஜ் ஊருக்குள் நுழையும்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நூஹ் வண்டியை ஓரம் கட்டினான். பாங்கு முடியும் வரை மூவரும் அசையவில்லை. காருக்குள் ஈர மருதாணி வாசனை வந்தது.

"கையத் திற" என்றான்.

மன்னூபியா மெதுவாகக் கையை விரித்தாள். பிள்ளையின் இடது உள்ளங்கை முழுக்க மருதாணி. ஈரம்கூடக் காயவில்லை.

அதைப் பொத்தியிருந்த தாயின் இரண்டு கைகளிலும் ஒரு பொட்டு மருதாணி இல்லை.