சீனத்துக்குப் போகும் மணி

அக்கிராசனத்தை அலங்கரித்து வீற்றிருக்கும் ராயப்பேட்டைத் தோல் வியாபாரி, ஈகையில் இளநீர், இரக்கத்தில் பன்னீர், பேச்சாளன் வாயைத் திறந்த மறுகணமே மேசைமணியைத் தடவிப் பார்க்கும் எங்கள் தலைவர் ஜனாப் அப்துல் கய்யூம் சாகிப் அவர்களே! அவருக்கு வலப்பக்கத்தில், நிமிர்ந்த முதுகோடும் முறுக்கிய மீசையோடும் அமர்ந்திருக்கும் மிஷன் சங்கக் காரியதரிசி சாமுவேல் பொன்னுரங்கம் அவர்களே! இடப்பக்கத்தில், போட்ட மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கும் போதகர் அருமைநாயகம் அவர்களே! ஆன்றவிந்த பெரியோர்களே! பித்தளை தந்த தாய்மார்களே! செம்பு தந்த சீமாட்டிகளே! ஒன்றும் தராமல் வேடிக்கை பார்க்க வந்திருக்கும் சகோதரர்களே! இத்தனை பேருக்கும் நடுவில், தலைவருக்குப் போட்டதைவிடப் பெரிய மாலையைச் சூடிக்கொண்டு, வாய் திறவாமல் வீற்றிருக்கும் வெண்கல மணியே! உனக்கும் என் வணக்கம்.

சிரிக்காதீர்கள். இந்த மேடையில் இதுவரை அதிகம் பேசாத பிரமுகர் இந்த மணி ஒன்றுதான்.

மயிலாப்பூரில் தமிழ் கற்பித்துப் பிழைக்கும் ரகுபதி நான். சீன தேசத்துக்குக் கப்பலேறப் போகும் இந்த மணிக்கு வாழ்த்துரை சொல்ல என்னை அழைத்தார்கள். நானும் வாழ்த்தத்தான் வந்தேன். வரும் வழியெல்லாம் எதுகை தேடினேன், மோனை கூட்டினேன். வந்த இடத்தில், மேடைக்குப் பின்னால் போதகரோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்தேன். காப்பி தீர்வதற்குள் என் வாழ்த்துரை தீர்ந்துபோயிற்று! ஏன் தீர்ந்தது? எப்படித் தீர்ந்தது? அதைச் சொல்லத்தான் நிற்கிறேன். தலைவர் அவர்களே, அந்த மேசைமணியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலில், இந்த மணி பிறந்த கதை. 'சீனத்திலே யுத்தம், அங்கே நம்மூர்ப் பிள்ளை அருமைநாயகம் ஊழியம் செய்கிறார், அவர் கோயிலுக்கு நல்லதாக ஒரு மணி வேண்டும்' என்று காரியதரிசி வீடு வீடாக வந்தார். கொடுத்தார்களே நம் பெண்கள்! கபாலீசுவரர் தேரைக் கும்பிடும் கைகளும் கொடுத்தன, தொழுகைக்கு விரியும் கைகளும் கொடுத்தன. குடம் வந்தது, குத்துவிளக்கு வந்தது, ஈயம் பூசிய செம்பு அண்டா வந்தது. வந்த பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. நம் வீடுகளில் பெயர் வெட்டாத பாத்திரம் உண்டா? பிள்ளைக்குப் பெயர் வைக்க மறந்தாலும் மறப்போம், சொம்புக்குப் பெயர் வெட்ட மறப்போமா?

உருக்கப் போகிறார்கள் என்றதும் வந்தது வினை. மாடவீதி ஜானு மாமி ஓடி வந்தார். “எங்காத்துப் பேரை அழிச்சுடாதேங்கோ! அது எங்க மாமியார் சீதனமா கொண்டுவந்த குடமாக்கும்!” ராயப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கும் பாஞ்சாலி இடுப்பில் கைவைத்து நின்றாள். “யோவ் நைனா, என் சொம்புல என் ஊட்டுக்காரன் பேர் கீது. அவரு பூட்டாரு, பேராவது இருக்கணும்ல?” என்ன செய்வார் காரியதரிசி? எல்லாப் பெயரையும் மணியின்மேல் வெட்டச் சொல்லிவிட்டார். வந்து பாருங்கள்! மேலிருந்து கீழ்வரை பெயர்கள். தேவனுடைய நாமத்துக்கு இடமில்லாமல், அதை உள்பக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள். கவலை வேண்டாம் தாய்மார்களே, அவருக்கு அதெல்லாம் தெரியும்.

மணி பிறந்தாயிற்று. எதற்காகப் பிறந்தது? அதுதான் விபரீதம்.

போதகர் இருக்கும் ஊர் ஓர் ஆற்றங்கரைப் பட்டணம். யுத்தத்தில் பாதி வீடுகள் மண்மேடு. ஆகாய விமானம் வந்து குண்டு போடும். வருகிறது என்று தெரிந்தால் ஊர்க்காவல்காரன் காவல் கோபுரத்து மணியை அடிப்பான்; ஜனங்கள் ஓடிப்போய்ப் பதுங்குகுழிக்குள் இறங்குவார்கள். ஒருநாள் விமானம் அந்தக் கோபுரத்தையே தகர்த்துவிட்டுப் போயிற்று. ஊரில் மிஞ்சியது கோயிலில் இருந்த சின்ன மணி ஒன்றுதான். ஊர்த்தலைவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், போதகர் கொடுத்துவிட்டார். அன்று முதல், தொங்குவது கோயிலிலேயே என்றாலும், அந்த மணி விமானத்துக்கு மட்டுமே மணி. ஆராதனைக்கு இல்லை.

கோயிலுக்கு ஆளும் வரவில்லை. ஊரிலேயே உயரமான கட்டடம். விமானக்காரன் கண்ணுக்கு முதலில் படுவது அது. அதற்குள் எவன் போய் உட்காருவான்? நீங்கள் உட்காருவீர்களா? நான் உட்காரமாட்டேன். போதகர் பார்த்தார். ஜனங்கள் எங்கே கூடுகிறார்கள்? குழியில். சரி, குழியே கோயில்! மணி சத்தம் கேட்டால் வேதபுத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாகக் குழியில் குதிப்பார். ஊரே பின்னால் வந்து குதிக்கும். எந்தக் கிழமை விமானம் வருகிறதோ அந்தக் கிழமைதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை.

இந்த அழகைப் பார்வையிட நம் காரியதரிசி போனார். போன வருஷம் போனார். கோபிக்காதீர்கள் ஐயா, சொல்லித்தான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டும் தலைப்பாகையுமாகக் கோயிலுக்குள் போனார். காலி பெஞ்சு, காலி மேடை, ஒரு பூனை. ‘மணி அடித்தால்தானே வருவார்கள்!’ என்று நினைத்து, கயிற்றைத் தாமே பிடித்து இழுத்தார். சும்மாவா இழுத்தார்? திருநெல்வேலிக்காரர், தேர்வடம் இழுப்பதுபோல இழுத்தார்!

ஊரே ஓடியது. கடை கவிழ்ந்தது, கோழி பறந்தது, குழந்தை அழுதது. போதகரும் ஓடினார். ஓடும்போது திரும்பிப் பார்த்தால் நம் காரியதரிசி கயிற்றில் தொங்குகிறார். பாய்ந்து போய்க் கோட்டு வாலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக் குழியில் தள்ளினார். குழிக்குள் கண்ணைத் திறந்து பார்த்தால் ஜனக்கூட்டம், நெருக்கியடித்துக்கொண்டு!

“அருமைநாயகம், இத்தனை பேர் இருக்காங்களே, கோயிலுக்கு ஏன் வரலே?”

“மணி அடிச்சா விமானம் வருதுன்னு அர்த்தம், ஐயா.”

“விமானம் வரலையே!”

“வராட்டியும் மணி அடிச்சுடுச்சே, ஐயா.”

இதைக் கேட்ட நம் காரியதரிசி என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? பழுது மணியில்! 'அதன் நாதம் சரியில்லை, தகரத்தைத் தட்டுவதுபோல இருக்கிறது, அதுதான் ஜனங்கள் பயப்படுகிறார்கள். பக்தி ததும்பும் நாதத்தோடு பெரிய மணி ஒன்று செய்து கொடுத்தால், இது வேறு, அது வேறு என்று கண்டுகொண்டு கோயிலுக்கு வருவார்கள்.' அதன் பலன்தான் இதோ, மாலையோடு நிற்கிறது. மணியை வாங்கிப்போகப் போதகரை இங்கே வரவழைத்த சங்கம் ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறது. போதகர் இந்த மணியோடுதான் திரும்பிப் போகவேண்டும். ஞாயிறு தவறாமல் அடிக்கவேண்டும். அடிக்கச் சம்மதமில்லையென்றால் போகவே வேண்டாம், இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கலாம்.

'அதில் என்ன தப்பு? சத்தம் வேறுதானே?' என்று அங்கே ஓர் அன்பர் கேட்கிறார். ஆகா, கேட்க வேண்டிய கேள்வி! உயிருக்குப் பயந்தவன் காது ராகம் பிரித்துப் பார்க்குமா? இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, எம்டன் கப்பல் வந்து நம் பட்டணத்தின்மேல் குண்டு போட்டுவிட்டுப் போயிற்றே, மறந்துவிட்டதா? மறுநாள் முதல் மாடு கத்தினாலும் எம்டன்! மாடிக் கதவு அடித்தாலும் எம்டன்! எங்கள் தெருவில் கபாலியின் சோடாக்கடை. வெயிலில் ஒரு சோடாபாட்டில் வெடித்தது, தெருவே ஓடியது. எதிர்வீட்டு வக்கீல் பாதி க்ஷவரத்தோடு ஓடினார். நாவிதர் கத்தியோடு பின்னால் ஓடினார். கத்தியைப் பார்த்த வக்கீல் இன்னும் வேகமாக ஓடினார்! நம் தலைவர் அன்றைக்குப் புதுமாப்பிள்ளை. முகத்தை மூடிய பூச்சரத்தோடு சைதாப்பேட்டைப் பாலம் வரையில்...

“அரே, அது இப்போ எதுக்கு?” என்கிறார் தலைவர். மணியும் அடித்துவிட்டார். பார்த்தீர்களா, ஒருவரும் ஓடவில்லை! அவர் அடித்து அடித்து நமக்குப் பழகிவிட்டது.

அதுதான் அன்பர்களே, அதுதான்! முதல் சோடா வெடித்தபோது ஓடினோம். இரண்டாவது வெடித்தபோதும் ஓடினோம். அப்புறம்? ‘கபாலி கடை’ என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தோம். அன்றைக்கு எம்டன் நிஜமாகவே திரும்பி வந்திருந்தால், படுத்தபடியே போயிருப்போம். நம் நல்ல காலம், அது வரவில்லை. அந்த ஆற்றங்கரைக்காரர்களுக்கு அந்த நல்ல காலம் இல்லை.

போதகரே, சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சுகிறீர்கள். மன்னிக்க வேண்டும். கேட்டுவிட்டு நான் சும்மா இருந்துவிட முடியாது.

லின் அம்மாள் என்று ஒருத்தி அந்த ஊரில். சோயா மொச்சையை ஊறவைத்து அரைத்து, பால் எடுத்து, கட்டியாக்கித் துண்டு போட்டு விற்கிறவள். நம் பாஞ்சாலிக்குச் சீனத்திலே ஒரு தங்கை இருந்தால் அவள்தான். அந்த வாய்! காரியதரிசி மணியடித்த ஞாயிற்றுக்கிழமை அவளும் அடுப்பை அப்படியே விட்டு ஓடினாள். திரும்பி வந்தால் பால் கருகிக் கிடந்தது. ‘அந்த மதராஸ்காரன் கையில் கட்டி முளைக்க!’ என்று தெருவில் நின்று திட்டினாளாம். காரியதரிசி ஊர் திரும்பினார். புதன்கிழமை மறுபடியும் மணி அடித்தது. ஊர் ஓடியது. லின் அம்மாள் ஓடவில்லை. ‘மதராஸ்காரன் போகவில்லைபோல இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினாள்.

வந்தது விமானம்.

செத்துப்போகவில்லை. சுவருக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். இரண்டு காலும் போய்விட்டது. அன்று முதல், மணி அடித்தால் நம் அருமைநாயகம் குழிக்கு ஓடுவதில்லை. எதிர்ப்பக்கம் ஓடுகிறார். அவள் வீட்டுக்கு ஓடி, அவளை முதுகில் சுமந்துகொண்டு, அப்புறம் குழிக்கு ஓடுகிறார். முதுகில் உட்கார்ந்தபடி அவள், 'வலப்பக்கம் போடா எருமை, பள்ளம் தெரியவில்லையா?' என்று திட்டுகிறாளாம். குழிக்குள் இறக்கிவிட்டால், பிரசங்கம் தொடங்கியதும் குறட்டை விடுகிறாளாம். ஒருநாளும் ஆமென் சொன்னதில்லையாம்!

சிரியுங்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கேட்டேன்: “இப்போ நீங்க இங்கே காப்பி குடிச்சிட்டிருக்கீங்க. அங்கே அவளை யார் தூக்கறா?” டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “அதுதான் தெரியலே, புலவரே. மாறி மாறித் தூக்கறோம்னு சொன்னாங்க. பயத்துல யாரு யாரை நினைப்பாங்க? நான் சீக்கிரம் போகணும்” என்றார். இந்த மனிதரைத்தான் மணி அடித்தால் போ, அடிக்காவிட்டால் போகாதே என்கிறோம்! அடித்தால் இன்னொரு லின் அம்மாள் புரண்டு படுப்பாள். அடிக்காவிட்டால் இந்த லின் அம்மாளைத் தூக்க ஆளில்லை. இது என்ன தர்மம்? இது என்ன ஊழியம்? பெஞ்சு நிறைவதற்காகப் பிணம் விழலாமா?

குழியில் என்ன ஜெபம் செய்வீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “ஆண்டவரே, நாளைக்கு என் சபைக்கு ஒருத்தரும் வரவேண்டாம். ஒருத்தரும் வராம, அவங்கவங்க வீட்டுலேயே இருக்கட்டும். எனக்குப் பிரசங்கமே இல்லாம போகட்டும்.” உலகத்தில் எந்தப் போதகராவது இப்படி ஜெபித்ததுண்டா? தன் கோயில் காலியாகக் கிடக்கவேண்டும் என்று அழுது கேட்டவர் உண்டா?

காரியதரிசி எழுந்துவிட்டார். பொறுங்கள், அமைதி, அமைதி. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். “அருமைநாயகம், ஏன்யா எங்கிட்ட சொல்லலே?” என்று கேட்கிறார். போதகர் சொல்கிறார்: “சொன்னா நீங்க தூங்கமாட்டீங்களே, ஐயா.”

தலைப்பாகையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் காரியதரிசி. ஒருவரும் ஒன்றும் சொல்லவேண்டாம். நல்ல மனதோடு இழுத்த கயிறு அது. தவறு நேர்ந்துவிட்டது. இதோ, தலைவர் பக்கம் திரும்பிச் சொல்கிறார்: “நிபந்தனை வேண்டாம். அடுத்த கப்பல்லயே அவர் போகட்டும்.” கைதட்டுங்கள்! இன்னும் பலமாகத் தட்டுங்கள்!

என்ன பாஞ்சாலி? “அப்போ மணி இன்னாத்துக்கு? உருக்கினத திரும்ப சொம்பா ஆக்கிக் குடுப்பியா?” ஆக்க முடியாது தாயே. ஆனால் போதகர் ஏதோ சொல்ல எழுகிறார்... ஆற்றுக்கு அக்கரையில் நெசவுக்காரர் தெரு ஒன்று இருக்கிறதாம். கோயிலின் சின்ன மணி அவர்கள் காதுக்கு எட்டுவதில்லையாம். இதை அங்கே தொங்கவிடலாமா என்று கேட்கிறார். ஆராதனைக்கு அல்ல, விமானத்துக்கு மட்டும். தலைவர் தலையசைக்கிறார். ஜானு மாமியும் தலையசைக்கிறார். பாஞ்சாலி? “இன்னா கேள்வி இது, எடுத்துக்கினு போகச் சொல்லு!” என்கிறாள்.

இனி வாழ்த்துரைக்குத் தடையில்லை. வெண்கல மணியே! வீட்டுக்கு வீடு வாங்கி வார்த்த மணியே! நீ ஊமையாக வாழ்க! உன்னை அடிக்கும் கைக்கு வேலையற்றுப் போக! உன் நாக்கு துருப்பிடிக்க! உன் வயிற்றில் குருவி வந்து கூடு கட்ட! உன் சத்தம் எப்படி இருக்கும் என்று அக்கரைத் தெருவில் ஒரு குழந்தைக்கும் தெரியாமல் போக!

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், கொடுத்துச் சிவந்த தாய்மார்களுக்கும், இத்தனை நேரம் என்னை அடக்க முயன்று தோற்ற தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. போதகரே, கப்பலேறுங்கள். லின் அம்மாள் திட்டினால் எங்கள் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்கு மயிலாப்பூரும் ராயப்பேட்டையும் கைகூப்பி வணக்கம் சொன்னதாகச் சொல்லுங்கள்.